கியூவில் நின்ற நியாயம்

செம்பூர் பாரிஜாத் எனாமல் ஒர்க்ஸ் அனுப்புப் பிரிவின் தலைமைக் குமாஸ்தாவாகப் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் உயர்திரு. ஜம்புநாதன் அவர்களுக்கு, கம்பெனியின் தமிழர் மனமகிழ் மன்றத்தார் மனமுவந்து வாசித்தளிக்கும் மடல்.

பண்பின் பெட்டகமே! பணிவின் பிறப்பிடமே! பார்சல் பிரிவின் பகலவனே! மாட்டுங்காவில் குடியிருந்து தாராவியின் உள்ளங்களில் வாடகையில்லாமல் வாழ்ந்துவரும் மாணிக்கமே! மேடையில் நின்றவர்களுக்கெல்லாம் கைதட்டலை வாங்கிக் கொடுத்துவிட்டு, படுதா மறைவில் டார்ச்சு விளக்கும் தாமுமாக நின்ற தன்னலமற்ற தகைமையே! சிறுகுரலில் பெருஞ்செயல் புரிந்த செம்மலே! எங்கள் ஜம்பு சாரே!

வணக்கம்.

இத்தனை ஆச்சரியக்குறிகளைக் கேட்டு நீங்கள் நாற்காலியில் நெளிவது இங்கிருந்தே தெரிகிறது. நெளியுங்கள், பரவாயில்லை. இந்த மன்றம் யாருக்கு மடல் எழுதினாலும் அது உங்கள் கைக்கு வந்து திருந்திய பிறகுதான் மேடைக்கு வரும். முன்பொருமுறை ஸ்டோர் கீப்பருக்கு 'இமயமே' என்று எழுதிக்கொண்டு வந்தபோது, "அவர் நிக்கறச்சே பார்த்தா ஜனங்கள் சிரிப்பா, குன்றுன்னு போடுங்கோ போறும்" என்று சொல்லி அடித்தீர்கள். இன்றைக்கு வாசிக்கும் மடல் ஒன்றுதான் உங்கள் கண்ணில் படாமல் தப்பித்து வந்திருக்கிறது. ஆகவே இதில் உள்ள இமயங்களுக்கும் இலக்கணப் பிழைகளுக்கும், இதை எழுதி வாசிக்கும், தட்டுகளை எனாமலில் முக்கும் நனைப்புப் பிரிவு நம்பிராஜனாகிய நானே பொறுப்பு. இன்று உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

அன்புசால் பெருந்தகையே! போன வாரம் நீங்கள் எங்கள் நனைப்புக் கொட்டகைக்கு வந்தீர்கள். எனாமல் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, வேட்டியில் தெறிக்காமல் ஒதுங்கிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் ஒரு விண்ணப்பம் வைத்தீர்கள். "நம்பிராஜன், மாலை போடுங்கோ, மடல் வாசியுங்கோ, போட்டோ எடுங்கோ, எல்லாத்துக்கும் உக்காந்துண்டு இருக்கேன். மைக்கை மாத்திரம் என் கையில குடுத்துடாதீங்கோ. ஏற்புரை கீற்புரைன்னு கூப்பிட்டேள்னா நான் எழுந்து போயிடுவேன். எனக்குன்னு சொல்றதுக்கு ஒண்ணும் கிடையாது. ஆயுசு பூரா மத்தவா வசனம்தான் எனக்குத் தெரியும்."

நான் தலையாட்டினேன். நீங்களும் நிம்மதியாகத் திரும்பிப் போனீர்கள். நான் தலையாட்டியதற்குச் சம்மதம் என்று பொருள் கொண்டீர்கள் போலும். 'காதில் விழுந்தது' என்பதற்கும் தலையாட்டுவது உண்டு, சார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறோம். நீங்கள் பேசாமல் போவது எங்களுக்குப் பொறுக்கவில்லை. நாளை மறுநாள் சாமான்களை ஏற்றிக்கொண்டு டோம்பிவிலியில் மகள் ஷ்யாமளாவின் வீட்டுக்குக் குடிபோகிறீர்கள். போகலாம், நன்றாகப் போய்வாருங்கள். ஆனால், தமக்கென்று ஒரு சொல்லும் கிடையாது என்று நினைத்துக்கொண்டே எங்கள் ஜம்பு சார் லோக்கல் ரயில் ஏறக்கூடாது. அந்த நினைப்பு தப்பு என்பதற்கு எங்களிடம் சாட்சி இருக்கிறது. அந்தச் சாட்சியைச் சபையில் வைக்கத்தான் இந்த மடல். பாராட்டு என்பது மேலே சுற்றியிருக்கும் ஜரிகைக் காகிதம் மட்டும்.

செயலாற்றல் மிக்க செம்மலே! முறைப்படி முதலில் பணிச்சிறப்பு. எனாமல் தட்டும் டம்ளரும் பேஸினும் வைக்கோலுக்குள் படுத்து நாக்பூருக்கும் நாகர்கோவிலுக்கும் போய்ச் சேர்கையில் ஓரம்கூடப் பெயராமல் சேர்ந்தன என்றால், அது உங்கள் கட்டுமானம். விலாசம் தவறிய பெட்டி உங்கள் காலத்தில் உண்டு. ஆனால் அது உல்லாஸ்நகருக்குப் போகவேண்டியது உல்லாஸ்நகரிலேயே வேறு கடைக்குப் போனது, அவ்வளவுதான். கோபத்தில் நீங்கள் உச்சமாகச் சொல்லிக் கேட்ட வார்த்தை "சிவ சிவா". அதையும் சுவரைப் பார்த்துத்தான் சொல்வீர்கள்.

ஆயினும் அனுப்புப் பிரிவு உங்களுக்குச் சோறு போட்ட வேலை. உங்கள் உயிர் இருந்த வேலை வேறு. மன்றத்தின் ஆண்டு நாடகங்களுக்கெல்லாம் பக்கத் திரையின் மறைவில் நின்று, வசனம் மறந்தவர்களுக்கு அடி எடுத்துக் கொடுத்த பிராம்ப்டர் நீங்கள். உங்கள் குரலுக்கு ஓர் அதிசயம் உண்டு. நடிகனுக்குக் கேட்கும், முன்வரிசைக்குக் கேட்காது. மறந்தவனை மறந்தவன் என்று ஊருக்குக் காட்டிக்கொடுக்காத குரல் அது. மேடையோடு அது நின்றுவிடவும் இல்லை. மானேஜர் சாப் ரவுண்டு வரும்போது தொழிலாளியின் பெயர் நினைவில்லாமல் விரலைச் சொடுக்குவார். பின்னாலிருந்து "பிரம்மநாயகம்" என்று காற்று வரும். அவரும் ஏதோ பிறந்ததிலிருந்தே தெரிந்தவர்போல "கைசா ஹை, பிரம்மநாயகம்" என்பார். லாரி ஓட்டும் அபுதாஹிர் வாசல் கேட் தூணில் வண்டியை இடித்துவிட்டு ஆபீசில் வாயடைத்து நின்றபோது, கையில் ஃபைலோடு கதவோரம் நின்று நீங்கள் எடுத்துக்கொடுத்த வசனம், "நெஜத்தைச் சொல்லு, ஆனா மெதுவாச் சொல்லு." அபுதாஹிர் அப்படியே சொன்னார். வேலையும் தப்பியது.

இனி அந்த நாடகத்துக்கு வருகிறோம். முன்வரிசையில் சிலர் இப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். பொறுங்கள், கதை தெரியாதவர்களும் இங்கே இருக்கிறார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்பு வரை மன்ற நாடகத்தில் ஆபீஸ்காரர்கள்தான் நடிப்பார்கள். தாராவியிலிருந்து வரும் பர்னஸ் உலை ஆட்களும் நனைப்புக் கொட்டகை ஆட்களும் பெஞ்சு தூக்குவோம், படுதா இழுப்போம், கடைசியில் கைதட்டுவோம். அந்த வருஷம் 'குழாயடிக் கல்யாணம்' என்று நாடகம். கல்யாணத்தன்று காலையில் வீட்டுக்காரன் வந்து பெண்ணைப் பெற்றவரின் ரூமைப் பூட்டிவிடுகிறான். அவர் வாசலில் நின்று புலம்புகிறார். போலீஸ்காரர் வந்து பூட்டை உடைக்கிறார். பெண்ணைப் பெற்ற அந்தக் கிழவராக நடித்தவர் கணக்குப் பிரிவு நாணு. போலீசாக நடிக்க வேண்டிய சுப்ரமணியனுக்கு நாடகத்துக்கு முந்தின நாள் பொன்னுக்கு வீங்கி வந்து, கன்னம் இரண்டும் இட்லிப் பானைபோல் ஆகிவிட்டது.

நீங்கள் பர்னஸுக்கு வந்து பூதத்தான் அண்ணாச்சியைப் பார்த்தீர்கள். ஆறடி ஆள், சொந்த மீசை. "இவர் வருவார்" என்றீர்கள். கமிட்டியில் ஒருவர் எதிர்த்தார். பெயர் வேண்டாம்; இப்போது முதல் வரிசையில் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருக்கிறார். "பர்னஸ் ஆளுக்கு மேடை என்ன தெரியும்? மானம் போயிடும் ஓய்!" என்றார். நீங்கள் வழக்கத்துக்கு மாறாகச் சுவரைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னீர்கள்: "போச்சுன்னா என் மானம் போகட்டும். நான் ஜவாப்தாரி."

ஆக அந்தச் சாயங்காலம் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு நாடகம் மட்டுமல்ல. பூதத்தான் சொதப்பினால் இனி எந்தத் தொழிலாளியும் மேடையேற முடியாது. எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். மாட்டுங்கா பள்ளிக்கூட ஹாலில் பின்பாதி பெஞ்சுகளில் தாராவியே வந்து உட்கார்ந்திருந்தது. பூதத்தானின் மனைவி பூமாரி, பக்கத்து ரூம் முப்பிடாதியம்மாள், குழந்தை குட்டிகள், ஒரு தூக்கு நிறையச் சுண்டல், எல்லாமாக.

பூதத்தானுக்கு வசனம் கொஞ்சம்தான். "நான் இருக்கேன்! யார்லே பூட்டுனது?" அதை பர்னஸ் வாசலில் நின்று நீங்களே சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள். ஆனால் உடுப்பு மாட்டும் அறையில், யாருக்கோ மீசை ஒட்டிக்கொண்டே, பிசின் கையோடு நீங்கள் சொன்ன கடைசி உபதேசம்தான் கோளாறு: "பூதத்தா, கியூவை மாத்திரம் கவனிச்சுண்டே இரு. கியூ வெளியிலேர்ந்துதான் வரும். கியூவை விட்டேன்னா எல்லாம் போச்சு. கியூ வந்த உடனே உள்ளே பாஞ்சுடு."

ஐயா! நாடகக்காரர்களுக்குக் கியூ என்றால் மேடையில் முன்னவர் பேசி முடிக்கும் கடைசி வார்த்தை. அடுத்தவர் நுழைவதற்கான சமிக்ஞை. ஆனால் பூதத்தான் அண்ணாச்சி நாடகக்காரர் இல்லையே. அவர் விடிந்தால் எழுந்து தண்ணீருக்குக் கியூ, கக்கூசுக்குக் கியூ, ரேஷனுக்குக் கியூ, பஸ்ஸுக்குக் கியூ என்று நிற்கிற பம்பாய்க்காரர். கியூவைக் கவனிக்கவேண்டும், கியூவை விட்டால் போச்சு, கியூ நகர்ந்தால் உள்ளே பாய்ந்துவிடவேண்டும் என்பதையெல்லாம் அவருக்கு நீங்கள் சொல்லவா வேண்டும்? உலகத்திலேயே அவருக்கு நன்றாகப் புரிந்த உபதேசம் அதுதான். கியூ வெளியிலே என்று சார் சொல்லிவிட்டார். சார் வீண்பேச்சுப் பேசாதவர், சொன்னால் காரணம் இருக்கும். நீலப் போலீஸ் உடுப்பும் மஞ்சள் தொப்பியுமாக அவர் நேரே தெருவுக்குப் போய்விட்டார்.

ஹாலின் டிக்கெட் கியூ ஏற்கெனவே உள்ளே போய்விட்டிருந்தது. வெளியே இருந்த ஒரே கியூ பஸ் ஸ்டாப்பில் இருந்தது. அங்கே போய் நின்றார். ஹவல்தார் வந்து நின்றதும் கோணல் கியூ நேராகிவிட்டது. நடுவில் புகுந்த ஒருவனைப் பற்றி ஒரு சேட் முறையிட, அண்ணாச்சி "லைன் சே ஆவோ, லைன் சே" என்று நியாயம் தீர்க்கப்போனார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. சண்டை பஸ்ஸுக்குள் ஏறிவிட்டது. கியூவும் உள்ளே போய்விட்டது. கியூ உள்ளே போனால் தானும் உள்ளே பாயவேண்டும் என்பது உத்தரவாயிற்றே. பாய்ந்துவிட்டார். கண்டக்டர் மணியடித்துவிட்டார். போலீசிடம் டிக்கெட் கேட்பாரும் இல்லை.

இங்கே மேடையில் நாணு கைகளை வானத்துக்கு உயர்த்தி, "ஐயோ, இந்த வீட்டுக்கு நியாயம் எப்போ வரும்?" என்றார். அதுதான் கியூ. நியாயம் அப்போது பஸ்ஸேறி அடுத்த பேட்டையான சயானுக்கே போய்ச் சேர்ந்திருந்தது.

நாணு மறுபடி கேட்டார். இன்னும் உரக்கக் கேட்டார். வரவில்லை. ஆபீஸ் பக்கத்தில் ஒரு சிரிப்புக் கிளம்பியது. எதிர்த்த கமிட்டிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார், "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. பின்பெஞ்சில் பூமாரி, "எங்க வீட்டாளு எங்கட்டிப் போனாவ? யாத்தே, மானம் போகுதே!" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். படுதாக் கயிறு என் கையில் இருந்தது. இழுத்துவிடட்டுமா என்று உங்களைப் பார்த்தேன். நீங்கள் வேண்டாம் என்று கையைக் காட்டினீர்கள். பிறகு புத்தகத்தை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டீர்கள். டார்ச்சையும் அணைத்துவிட்டீர்கள். நான் பார்த்தேன், சார். கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்த்தேன்.

புத்தகம் மூடியிருக்க, விளக்கு அணைந்திருக்க, நீங்கள் வசனம் எடுத்துக்கொடுக்கத் தொடங்கினீர்கள். நாணு ஒரு வினாடி திகைத்தார். பிறகு காதில் விழுந்ததை வாயால் விட்டார்.

"நியாயம் வரும். இந்த ஊர்ல பஸ் கிடைக்கறது சிரமம், அதான் தாமசம்."

ஹால் சிரித்தது. இந்தத் தடவை நாணுவோடு சேர்ந்து சிரித்தது. நீங்கள் தொடர்ந்தீர்கள்.

"நானும் ஒரு நாள் இப்படித்தான் நின்னேன். தாதர் ஸ்டேஷன்ல, ஒரு தகரப் பெட்டியோட. ஊர்ல எல்லார்கிட்டேயும் பம்பாய்க்குப் போறேன்னு சொல்லியாச்சு. இறங்கின அப்புறம் எந்தப் பக்கம் போறதுன்னு தெரியலை. ஜனங்கள் எல்லாம் ஓடறா. ஒவ்வொருத்தனுக்கும் எங்கேயோ போகணும். எனக்கு மாத்திரம் போறதுக்கு ஒரு இடமும் இல்லை. பாஷை தெரியலை. யாராவது ஒருத்தர் 'வா'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போறும், அவர் பின்னாடியே போயிடுவேன்னு இருந்தது. நின்னேன். வெயில் ஏறித்து. பெட்டி மேலே உக்காந்து அழுதேன். வெக்கமில்லாம அழுதேன்."

சார், அங்கே இருந்தவர்களில் தாதரிலோ விக்டோரியா டெர்மினஸிலோ பெட்டியோடு நின்று விழிக்காதவர் யார்? மாட்டுங்காக்காரரும் நின்றவர்தான், தாராவிக்காரரும் நின்றவர்தான். முப்பிடாதியம்மாள் சுண்டல் தூக்கை மடியில் வைத்தபடி அழுதார். எதிர்த்த கமிட்டிக்காரர் உட்கார்ந்துவிட்டார். அவர் மூக்கைச் சிந்தினார் என்பதைச் சபை நலன் கருதிச் சொல்லாமல் விடலாம் என்றிருந்தேன், சொல்லிவிட்டேன்.

"அப்போ ஒருத்தர் வந்தார். என் பெட்டியைத் தூக்கித் தன் தோள்ல வெச்சுண்டார். அவர்..."

அந்த இடத்தில் ஹாலின் வாசற்கதவு படீரென்று திறந்தது. சயானில் இறங்கி, எதிர்ப் பக்க பஸ் பிடித்து, வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்த பூதத்தான் அண்ணாச்சி, ஜனங்களுக்கு நடுவே பாய்ந்து வந்தார். "நான் இருக்கேன்! யார்லே பூட்டுனது?" கூரை பிய்த்துக்கொண்டு போகும்படி கைதட்டு. விசில். இது ஏற்பாடு செய்த நுழைவு என்றே எல்லாரும் நினைத்தார்கள். இந்த மன்றத்தின் மேடையில் அப்படி ஒரு நுழைவு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பூட்டும் உடைந்தது, கல்யாணமும் நடந்தது.

நாடகம் ஜெயித்தாலும் கமிட்டிக்கு உள்விவகாரம் தெரியுமே. மறுவாரம் கூடினார்கள். "கியூ எது, கியூ எதுன்னு தெரியாதவனை மேடையேத்தினா இப்படித்தான்" என்று பேச்சு வந்தது. பூதத்தான் அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சார், நீங்கதான சொன்னிய, கியூவ விட்ராதன்னு? நான் விடலையே சார்! கியூ பஸ்ஸுக்குள்ள போச்சு, நானும் போனேன். சயான் வரைக்கும் விடலையே!" என்றார். சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை.

"அவர் சொல்றது சரிதான். நான் சொன்னதை அவர் தப்பாமச் செஞ்சார். வார்த்தை என்னோடது, தப்பும் என்னோடது" என்றீர்கள். பிறகு அந்தச் சின்ன அறையில், ஒரு பார்சல் பெட்டி மூடியை எடுத்து, விலாசம் எழுதும் கறுப்பு மையால் இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளை எழுதிக் காட்டினீர்கள். ஒன்று நீளம், ஒன்று குட்டை. "எழுதறச்சே வேற, கூப்பிடறச்சே ஒண்ணு. நீளமானது வரிசை. அதுல நிக்கணும். குட்டையானது சமிக்ஞை. அது கிடைச்சா நகரணும். இதுல ஒரு விசேஷம் என்னன்னா, இன்னொருத்தர் பேசி முடிக்கற இடத்துலதான் நம்ம கியூ இருக்கும். அவர் பேச்சை நாம கவனிச்சுக் கேட்டாத்தான் நம்ம முறை தெரியும்."

அந்தப் பெட்டி மூடியை பர்னஸ் சுவரில் மாட்டினோம். அன்றோடு தொழிலாளி மேடையேறலாமா என்ற வழக்கும் எங்கள் பக்கம் தீர்ந்தது; இன்று எழுதுகிற நான் மன்றச் செயலாளர், பூதத்தான் அண்ணாச்சி போன வருஷ நாடகத்தில் மாமனார். அதற்கப்புறம் அந்தக் குட்டை வார்த்தை என்ன பாடு பட்டது என்பது உங்களுக்கே முழுக்கத் தெரியாது. பர்னஸ் கதவைத் திறக்கிறவன் "கியூ குடுலே" என்கிறான், உள்ளே தட்டைத் தள்ளுகிறவன் இருமுகிறான். விருந்துக்குப் போன இடத்தில் புருஷன் பேச்சை நிறுத்தாவிட்டால் பூமாரி வளையலைக் குலுக்குவார். அது 'கிளம்பு' கியூ. குர்லாவில் பெண் பார்க்கப் போன பிரம்மநாயகம், பெண்ணுக்குச் சம்மதமா என்று தெரியாமல் தவித்தபோது, அந்தப் பெண் இரண்டாம் முறை காப்பி வேண்டுமா என்று கேட்டாளாம். "கியூ கெடச்சிட்டு அண்ணாச்சி!" என்று மறுநாள் கம்பெனி முழுக்கச் சொல்லித் திரிந்தார். உங்கள் வீட்டில் அம்மிணி அம்மாள் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டினால் நீங்கள் பேப்பரை மடிக்கிறீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஏழை எளியவர் வாயில் ஓர் இங்கிலீஷ் வார்த்தை இவ்வளவு சௌகரியமாகக் குடியேறியதை நாங்கள் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆனால் ஒன்று மட்டும் பாக்கி நின்றுவிட்டது. அன்று நாடகம் முடிந்ததும் நாணு உங்களைப் பிடித்துக்கொண்டார். "அந்த வசனம் எங்கேர்ந்து வந்தது? யார் ஓய் அந்த ஆள்?" என்று கேட்டார். "புஸ்தகத்துல இருக்கு" என்றீர்கள். புத்தகத்தில் இல்லை. நாடகம் முழுவதையும் நெட்டுருப் போட்ட நாணுவிடமே இப்படிச் சொல்லலாமா? திரும்பக் கேட்டதற்கு, "டீ ஆறிப்போறது" என்று நகர்ந்துவிட்டீர்கள். பூதத்தான் அண்ணாச்சிக்கோ அது நெஞ்சில் முள். "நான் ரெண்டு நிமிசம் பிந்தி வந்திருக்கக்கூடாதா? சார் பேச்ச நடுவுல வெட்டிப்புட்டேனே" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். நேற்று அம்மிணி அம்மாளைக் கேட்டோம். அவர் சொன்னார்: "எனக்கே சொன்னதில்லையாக்கும். கேட்டா, சொல்ல வராதுங்கறார்."

வராது என்று எப்படிச் சொல்லலாம்? வந்ததே! ஒரு ஹால் நிறைய ஜனங்களை அழவைத்து உட்காரவைத்ததே! வாய் மட்டும்தான் நாணுவினுடையது. வார்த்தை உங்களுடையது, பெட்டி உங்களுடையது, அழுகையும் உங்களுடையது. தமக்கென்று சொல்ல ஒன்றுமில்லை என்கிறவரின் பேச்சு இது என்றால், இருக்கிறவர் என்னத்தைச் சொல்லப்போகிறார்?

இத்தனை காலம் வரிசையில் நின்றீர்கள், ஐயா. முன்னால் நின்ற ஒவ்வொருவரும் பேசி, கைதட்டு வாங்கி, மாலை போட்டுக்கொண்டு போனார்கள். யார் தடுமாறினாலும் பின்னாலிருந்து தாங்கினீர்கள். இப்போது பாருங்கள், உங்களுக்கு முன்னால் ஒருவரும் இல்லை.

பயப்பட வேண்டாம். ஏற்புரை கேட்கவில்லை. 'தலைவர் அவர்களே, தாய்மார்களே' எல்லாம் வேண்டாம். மைக்கும் வேண்டாம், உங்கள் விருப்பப்படியே அதை அணைத்துவிட்டோம். எந்தக் குரலில் எங்களுக்கு எடுத்துக்கொடுத்தீர்களோ அதே குரல் போதும். நாற்காலிகளை இழுத்துக்கொண்டு நாங்கள் கிட்டே வந்துவிடுகிறோம். இடது பக்கப் படுதாவின் மறைவில் பூதத்தான் அண்ணாச்சி நிற்கிறார். தடுமாறினால் எடுத்துக்கொடுப்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. உங்கள் கதை அவருக்குத் தெரியாது. சும்மா துணைக்கு நிற்கிறார். இந்தத் தடவை குறுக்கே பாயமாட்டேன் என்று பூமாரிமேல் சத்தியம் செய்திருக்கிறார்.

அருங்குணக் குன்றே! (இமயத்தைக் குறைத்துவிட்டேன், கவனித்தீர்களா?) டோம்பிவிலியின் காற்று உங்கள் மூட்டு வலியைக் கொண்டுபோகட்டும். காலை லோக்கலில் கூட்டத்தோடு இடிபடாமல், அது போகிற சத்தத்தை வாசற்படியில் உட்கார்ந்து காப்பியோடு கேட்கிற பாக்கியம் உங்களுக்கு நெடுங்காலம் வாய்க்கட்டும். கண் மங்காமல், காது மந்தமாகாமல், பேரப்பிள்ளைகள் பாடம் மறந்தால் எடுத்துக்கொடுத்துக்கொண்டு, அம்மிணி அம்மாளோடு நூறாண்டு சுகமாக வாழ்வீர்களாக! நாடகம் வரும்போது நாங்களே டோம்பிவிலிக்கு வந்து தூக்கிக்கொண்டு வருவோம். அதற்கு மட்டும் கதவைத் திறந்துவிடுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் அன்பை மறவாத
நாணு, சுப்ரமணியன், பிரம்மநாயகம், அபுதாஹிர், பூதத்தான், நம்பிராஜன்
மற்றும் பாரிஜாத் எனாமல் ஒர்க்ஸ் தமிழர் மனமகிழ் மன்றத்தார் அனைவரும்.
செம்பூர், பம்பாய். மார்ச் 1967.

மடலில் கையெழுத்துக்குக் கீழே ஒன்றும் எழுதக்கூடாது என்பது முறை. தெரிந்தேதான் மீறுகிறோம். பேசுகிறவனின் கடைசி வார்த்தையில்தான் அடுத்தவரின் கியூ இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். எங்கள் பேச்சு இதோ முடிகிறது. இதற்குமேல் இந்தச் சபையில் யாரும் வாய் திறக்கப்போவதில்லை, பஸ் போனால் போகட்டும்.

அன்றைக்குத் தாதரில் உங்கள் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டவர் யார், சார்?